தோப்புக்குக் கீழே தொலைந்த காடு
வெட்டி, எரித்து, ஒரே மரத்தை நட்டார்கள். கேரள மலைமண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதற்கேற்ப மாறிவிட்டன.

பாலக்காடு மாவட்டம் பரம்பிக்குளத்துக்குப் போகிறவர்கள் கன்னிமாரா தேக்கைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இயற்கையாக வளர்ந்த கிழட்டு ராட்சதன் அது. ஆனால் வழிநெடுக வரிசை பிசகாமல் நிற்கும் தேக்குகள் வனத்துறை நட்டவை. ஆனைமலையைச் சுற்றிக்கொண்டு இடுக்கிப் பக்கம் இறங்கினால் மூணாறு, காந்தளூர், வட்டவடையில் யூகலிப்டஸ். உள்ளூர்க்காரர்களுக்கு அது 'கிராண்டிஸ்'. மாவூர், வெள்ளூர் ஆலைகளின் கூழுக்காகக் கேரளத்தில் பரவிய மரம்.

பார்வைக்கு எல்லாம் பச்சைதான். வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு சிட்டிகைக் காட்டு மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். நூறு வகைச் சருகு விழுந்தால் அதைத் தின்ன நூறு வகை உயிர்கள் வரும். தோப்பு போடுகிறவர்கள் முதலில் காட்டை மொட்டையடித்தார்கள். மிஞ்சிய கிளைகளுக்குத் தீ வைத்தார்கள். மேல்மண்ணின் உயிர்களில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. மீதியை வெயிலும் மழையும் பார்த்துக்கொண்டன.

யூகலிப்டஸ் சருகில் எண்ணெயும் பீனாலும் அதிகம். பாக்டீரியாக்களுக்கு அது பிடிக்காத சாப்பாடு. பூஞ்சைகள்தான் மெல்ல மெல்ல மக்கவைக்கின்றன. போதாக்குறைக்கு, வேரின் மேல் உறைபோலப் படரும் பூஞ்சைகளை இந்த மரம் கூட்டாளியாக வளர்த்துக்கொள்கிறது. சோலை மரங்களில் பெரும்பாலானவை நம்பியிருப்பதோ வேருக்குள்ளேயே நுழைந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் வேறு ரகத்தை. வாட்டில் மரத்தின் கதை வேறு: வேர்முண்டில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொட்டுகிறது. உரம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஏழை மண்ணில் பழகிய மலைப்புல்லுக்கு அந்தச் செழிப்பு ஒத்துவருவதில்லை, களைகளுக்குத்தான் கொண்டாட்டம்.

தோப்பு மண் செத்துவிட்டது என்று சொல்வதும் மிகை. உயிர்களின் எண்ணிக்கை குறையாமலே இனங்கள் மாறலாம். தீ வைக்காமல், அடியில் செடிகொடிகளை வளரவிட்ட பழைய தேக்குத் தோப்புகளில் மண் ஓரளவு தேறிவிடும்.

2024 மே மாதம் வனவளர்ச்சிக் கழகம் மீண்டும் யூகலிப்டஸ் நடக் கேரள அரசு அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும், நிற்பதை வெட்டலாம், புதிதாக நடக்கூடாது என்று உத்தரவைத் திருத்தியது. வட்டவடையை ஒட்டிய பழத்தோட்டத்தில், 2019 காட்டுத் தீயில் வாட்டில் எரிந்த சரிவுகளில், உள்ளூர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து மலைப்புல் நட்டார்கள். புல் பிடித்துக்கொண்டது. ஆனால் வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். முளைப்பதைப் பிடுங்க வருடா வருடம் ஆள் வேண்டும்.