ஆர்தர் மன்னரும் உடைந்த கல்வெட்டும்

குட்டீஸ்! கல்லில் செருகிய வாளை உருவிய ஆர்தர் மன்னர் கதை தெரியும்தானே? அவர் உண்மையில் வாழ்ந்தாரா?

குரோஷியாவில் ஸ்பிளிட் நகருக்கு அருகே ரோமானியக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் இருக்கும் பெயர், லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ்! பிரிட்டனில் இருந்த ஆறாம் படைப்பிரிவின் அதிகாரி இவர். அங்கே, கி.பி. 122இல் தொடங்கிய ஹாட்ரியன் எல்லைச் சுவரைக் கட்டியதில் அந்தப் படைப்பிரிவுக்கும் பங்குண்டு. 'ஆர்டோரியஸ்' என்ற பெயர்தான் 'ஆர்தர்' ஆனதோ என்று சிலர் கருதினர்.

அவர் 'ஆர்ம்...' மீது படை நடத்தினாராம். மீதி எழுத்துகள் உடைந்துபோயின! ஆர்மோரிக்கர் என்றால் பிரான்சு. ஆர்மீனியர் என்றால் ஆசியா!

ஆர்தரின் 12 போர்களைச் சொல்லும் நூலோ 9ஆம் நூற்றாண்டில்தான் எழுதப்பட்டது. காஸ்டஸ் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்.

பெயர் மட்டும் பொருந்தினால் போதாது செல்லங்களே. காலமும் இடமும் பொருந்தினால்தான் வரலாறு!