உஷார்! லைட் எரியுது, செல்ஃப் எடுக்கலையா? வண்டியை இறக்கத்தில் உருட்டாதீங்க!

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகளிலும் காய்கறி, வாழைத்தார், திராட்சை ஏற்றிப் போய்வரும் பிக்கப் ஓட்டுநர்களே, வண்டி உரிமையாளர்களே, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புகிறீர்கள். லைட் எரிகிறது, ஹாரன் அலறுகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. உடனே பக்கத்தில் நிற்பவர் யோசனை சொல்வார்: “இறக்கம்தானே அண்ணே! நியூட்ரல்ல விடுங்க, வேகம் பிடிச்சதும் செகண்ட் போட்டு கிளட்ச்சை விட்டா பிடிச்சுக்கும்.” தயவுசெய்து கேட்காதீர்கள். ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற வண்டியால் யாருக்கும் சாவு இல்லை. அதை ஸ்டார்ட் பண்ணுகிறேன் என்று நாம் செய்கிற வேலையில்தான் ஆபத்து இருக்கிறது.

இன்ஜின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்கும். இன்ஜின் நின்றபின் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லாக இறுகிவிடும், முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது. பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். பதற்றத்தில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும். பின்னால் ஒரு டன்னுக்கு மேல் சரக்கு, முன்னால் கொண்டை ஊசி வளைவு. போடிமெட்டுப் பாதையில் மட்டும் இப்படி 17 வளைவுகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் சபரிமலைக்குப் போய்த் திரும்பிய நம் ஆண்டிபட்டிப் பக்தர்கள் 8 பேர், குமுளி மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து இறந்ததை மறந்துவிட முடியுமா? இன்ஜின் ஓடுகிற வண்டிக்கே அவ்வளவு ஆபத்தான பாதை அது.

லைட்டை நம்பி ஏமாறாதீர்கள்

“லைட் நல்லாத்தான் எரியுது, பேட்டரி ஓகே” என்பதுதான் பலரும் செய்யும் தப்புக்கணக்கு. இரண்டு ஹெட்லைட்டும் எரிய ஏறக்குறைய 10 ஆம்பியர் போதும். டீசல் இன்ஜினைச் சுற்றிவிட ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். லைட்டுக்குப் போதுமான பேட்டரி செல்ஃபுக்குக் கைவிரித்துவிடும்.

எனவே முதலில் வண்டியை ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். கண் லைட்டில் இருக்கட்டும், காது இன்ஜின் பக்கம் இருக்கட்டும்.

லைட் மங்கி, ‘டக டக டக’ என்று சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் டெர்மினல் பிடிப்பு விட்டிருக்கிறது. போனட்டைத் திறந்தால் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருப்பது தெரியும். கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் கோளாறு அங்கேதான். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

லைட் மங்காமல் ஒரே ஒரு ‘டக்’ வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதன் சோலினாய்டு மீது சந்தேகப்படலாம். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த் ஒயரையும் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் அதுவே காரணமாகலாம்.

சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், எலி கடித்த ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சில மாடல்களில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அதையும் செய்து பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டீசல் பக்கம் இருக்கும். டேங்க் காலியாகி ஏர் லாக் ஆகியிருக்கலாம், ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மினுக்கினால், வண்டிக்குச் சாவியை அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம்.

இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம்

வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரை வைத்து ஸ்டார்ட்டரை ஷார்ட் பண்ணாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி ஒரே பாய்ச்சலில் உங்கள் மேலேயே ஏறிவிடும். அவசரத்தில் இதைச் செய்கிறவர்கள் கியரைப் பார்ப்பதில்லை.

பழைய டீசல் வண்டிப் பழக்கத்தில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்காதீர்கள். இப்போதைய காமன் ரயில் இன்ஜின்களில் டீசல் 1,000 பாருக்கும் மேல் அழுத்தத்தில் ஓடும். பீய்ச்சி அடித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

செல்ஃபை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். 10 விநாடி திருப்பினால் அரை நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் காயில் கருகி, சின்னச் செலவு பெரிய செலவாகும்.

மலை ஏறுமுன் செய்ய வேண்டியது

இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. லோடு ஏற்றும் நேரம் முழுக்க லைட்டும் பாட்டும் ஓடவிடுவதை நிறுத்துங்கள். அதன்பின்னும் வழியில் நின்றுவிட்டால் முக்கோணப் பலகையைத் தள்ளி வைத்து, மெக்கானிக் வரும்வரை காத்திருங்கள். கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லைச் சாலையிலிருந்து அகற்ற மறக்காதீர்கள், இரவில் வரும் பைக்காரர் அதில் விழுவார்.

உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. நடுராத்திரி மலையிலிருந்து டிரைவர் போன் செய்தால், “சந்தை முடிஞ்சுரும், எப்படியாவது எடுத்துட்டு வா” என்று சொல்லாதீர்கள். அந்த ‘எப்படியாவது’தான் அவரை வண்டியை உருட்ட வைக்கிறது. “நில்லு தம்பி, உருட்டாதே, ஆள் அனுப்புறேன்” என்று சொல்லுங்கள். ஒரு லோடு அழுகினால் அடுத்த லோடில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.