ஃபெர்மாவின் ஆறாவது எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இரண்டை 32 தடவை எழுதிப் பெருக்கி, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். இது பகா எண் என்று 1640இல் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா நம்பினார். நம்பியதற்குக் காரணம் இருந்தது. இரண்டின் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு விடையோடும் ஒன்றைக் கூட்டினால் வருபவை 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. ஆறாவது மட்டும் ஏன் தப்பப்போகிறது? நிரூபணம் கைவசம் இல்லை என்பதை ஃபெர்மா மறைக்கவுமில்லை.

1729 டிசம்பரில் கணித அறிஞர் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இதைச் சக கணித அறிஞர் ஆய்லர் காதில் போட்டார். 1732இல் ஆய்லர் விடையை வைத்தார்: 641 × 6700417.

சும்மா 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போயிருந்தாலும் 116ஆவது வகுத்தலில் 641 அகப்பட்டிருக்கும். பொறுமையுள்ளவருக்கு ஓரிரு நாள் வேலை. ஆய்லர் காட்டிய வழியோ இன்னும் குறுக்கு. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிட்டார்! இந்தச் சல்லடைக்கு அடிப்படை, அதே 1640இல் ஃபெர்மா எழுதிய ஒரு தேற்றம் என்பதுதான் வேடிக்கை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டைத் தொடாமலே போயிருக்கிறார்.

பத்து இலக்கப் பெருக்கலே இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். 640 என்பது 5 × 128. அதாவது ஐந்தை இரண்டின் 7ஆம் அடுக்கால் பெருக்கியது. 641ஆல் வகுக்கும்போது 640க்கு மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. ஆக, 625ஐ இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. ஆனால் 641 என்பது 625 + 16. எனவே 625 இருக்குமிடத்தில் −16ஐ வைக்கலாம். 16 என்பது இரண்டின் 4ஆம் அடுக்கு. 28உம் 4உம் சேர்ந்து 32. அப்படியானால் இரண்டின் 32ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்றைக் கூட்டுங்கள், மீதி பூஜ்யம்.

ஆறாவதுக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. முதல் ஐந்துக்கு மவுசு குறையவுமில்லை. 1796இல் கணித அறிஞர் காஸ் அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கச் சீர் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டியது இவற்றின் துணையால்தான். அந்த ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 4294967295. நம் எண்ணைவிடச் சரியாக இரண்டு குறைவு. அப்படி வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்திருக்கும் ஒற்றைப்படைப் பக்கச் சீர் பலகோணங்களில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கையும் அதுவே.