பைசா செலவில்லாம ஒரு உண்டியல்: குட்டீஸோட சேர்ந்து செய்யலாம்!

லீவு விட்டாச்சு, "போர் அடிக்குது"ன்னு குட்டீஸ் காலைச் சுத்துறாங்களா? கிராஃப்ட் கிட் வாங்க ஓடாதீங்க. வீட்டுல இருக்கறதே போதும்.

தேவையானவை: உள்ளே தெரியுற காலி பிளாஸ்டிக் டப்பா, பழைய மாதக் காலண்டர் தாள், 2 ஸ்பூன் மைதா.

மைதாவை அரை டம்ளர் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, சின்ன தீயில கிளறினா பசை ரெடி. தாளோட வெள்ளைப் பக்கத்துல குழந்தை படம் வரையட்டும். நடுவுல ஒரு ஜன்னல் வெட்டி, டப்பாவைச் சுத்தி ஒட்டுங்க. மூடியில 3 செ.மீ. துளையை நீங்களே போடுங்க. 20 ரூபாய் நாணயமும் நுழையும்.

ஜன்னல் எதுக்கு? மண் உண்டியல்ல சத்தம்தான் கேட்கும். இதுல காசு ஏறுறது கண்ணுக்கே தெரியும். "இதுவரை வந்தா கலர் பென்சில்"னு ஒரு கோடு போடுங்க. வந்ததும் குழந்தையே எண்ணி, கடையில குழந்தையே கொடுக்கட்டும்.

முக்கியமா, சில்லறை இல்லைன்னு அதுல கை வைக்காதீங்க. எடுத்தே ஆகணும்னா குழந்தைகிட்ட கேட்டு எடுங்க, சொன்ன நாள்ல திருப்பிப் போடுங்க. கடன்னா என்னன்னு குழந்தை முதல்ல உங்ககிட்டதான் கத்துக்கும்.

சின்னக் குழந்தைங்க நாணயத்தை வாயில போட்டுடுவாங்க, பக்கத்துலயே இருங்க.

10 வயசு ஆனதும் போஸ்ட் ஆபீஸ்ல அவங்க பேர்லயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அதுவரை இந்த டப்பாதான் அவங்க பேங்க்!