புதுவர்ணமா, பழைய மெருகா?

பழம்பொருள் ஒன்று கைக்கு வந்தவுடன் அதனைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்னும் ஆவல் எழுவது மனித இயல்பு. பரணிலிருந்து இறக்கிய பித்தளை விளக்கைப் புளியிட்டுத் துலக்காமல் வைக்க எந்த இல்லத்தரசிக்கு மனம் வரும்? ஆயினும், துலக்குவது வேறு, உருமாற்றுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை எங்கே என்னும் வினா, ஓவியக்கூடங்களில் மட்டுமன்று, அமெரிக்க நாட்டு வீடுகளின் பின்புறக் கொட்டகைகளிலும் இன்று எழுந்து நிற்கிறது. அங்கே வழக்கிற்குரிய பொருள் ஒரு சிறிய இயந்திரம்: தோட்டத்து டிராக்டர்.

போருக்குப் பின் பிறந்த இயந்திரம்

1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிவுற்றது. போர்முனையிலிருந்து மீண்ட வீரர்கள் இல்லறம் அமைத்தனர். நகரங்களின் விளிம்பில், புல்வெளியும் காய்கறித் தோட்டமும் சூழ்ந்த வீடுகள் பல்லாயிரக்கணக்கில் எழுந்தன. பெரிய டிராக்டருக்கு அங்கு இடமில்லை. வெறும் கைக்கருவியோ போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே தோட்டத்து டிராக்டர் வந்தது. 1946-இல் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்ட் என்பவர் தொடங்கிய தொழில், 'வீல் ஹார்ஸ்' என்னும் சிவப்பு டிராக்டராக வளர்ந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் மஞ்சளும் வெள்ளையுமான 'கப் கேடட்' டிராக்டரை வெளியிட்டது. ஒற்றை உருளை கொண்ட 7 குதிரைத்திறன் எஞ்சின் அதனை ஓட்டியது. 1963-இல் ஜான் டீர் நிறுவனம் பச்சையும் மஞ்சளுமான '110' என்னும் வகையைக் கொணர்ந்தது.

கோடையில் புல் வெட்டுவது, வசந்தத்தில் தோட்டத்தை உழுவது, குளிர்காலத்தில் வாயிலில் குவிந்த பனியைத் தள்ளுவது என ஆண்டு முழுவதும் இவ்வியந்திரங்கள் உழைத்தன. கனத்த எஃகாலும் வார்ப்பிரும்பாலும் ஆனவை ஆதலால், வாங்கியவர் மறைந்த பின்னும் அவை மறையவில்லை. கப் கேடட் 1981-இலும், வீல் ஹார்ஸ் 1986-இலும் வேறு நிறுவனங்களின் கைக்கு மாறின. தாத்தாவின் டிராக்டரைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுக்கும் பேரப்பிள்ளைகளின் முன் இன்று நிற்கும் கேள்வி இதுதான்: புதுவர்ணம் பூசுவதா, உள்ளபடியே காப்பதா?

இரு தரப்பார் கூற்று

புதுவர்ணம் வேண்டும் என்பார் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்த கோலமே அதன் உண்மைக் கோலம் என்பது அவர்தம் வாதம். பாகம் பாகமாகக் கழற்றித் துருவை நீக்கி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் இட்டால், இரும்பு இன்னும் பல்லாண்டு வாழும். கழற்றும்போதே தேய்ந்த பாகமும் விரிசலும் கண்ணில் படும்.

மறு தரப்பாரோ, ஐம்பது அறுபது ஆண்டு உழைப்பின் தடம் அந்தப் பழைய வர்ணத்தில்தான் உள்ளது என்பர். கால் வைக்கும் தகட்டில் காலணி தேய்த்த இடமும், நெம்புகோலில் விரல்கள் பட்டு வழுவழுப்பான இடமும் ஒரு மனிதர் வாழ்ந்ததற்குச் சான்றுகள். காலம் தரும் இந்த மேற்தோற்றத்தை மேலைநாட்டார் 'பேட்டினா' என்பர். நாம் பழைய மெருகு எனலாம். புதுவர்ணத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். பழைய மெருகை எங்கே வாங்குவது?

இவ்வழக்கு புதிதன்று. பழைய கட்டடங்களைப் 'புதுப்பிப்பது' உண்மையில் அவற்றை அழிப்பதே என்று ஜான் ரஸ்கின் 1849-இலேயே எச்சரித்தார். வில்லியம் மாரிஸ் 1877-இல் இலண்டனில் தொன்மைக் கட்டடக் காப்புச் சங்கத்தை நிறுவினார். ஊகம் தொடங்குமிடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் விதித்தது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 1980 முதல் 1994 வரை மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்களிலிருந்து புகைக்கரி அகற்றப்பட்டபோது, ஒளிர்ந்த வண்ணங்களைக் கண்டு வியந்தவர் பலர். கரியோடு ஓவியரின் இறுதித் தீட்டலும் போயிற்றே என்று வருந்தியவரும் உளர்.

களிம்பு வேறு, துரு வேறு

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் 1886 முதல் நிற்கும் சுதந்திர தேவி சிலை செம்புத் தகட்டால் ஆனது. தொடக்கத்தில் செம்பின் நிறத்தில் இருந்த சிலை, காலப்போக்கில் பச்சைக் களிம்பு ஏறி நின்றது. 1906-இல் அதற்கு வர்ணம் பூசும் திட்டம் எழ, பொதுமக்கள் எதிர்த்தனர். ஆராய்ந்த இராணுவப் பொறியாளர்கள், களிம்பு செம்பை அழிக்கவில்லை, காக்கிறது என்று கண்டனர். வர்ணத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால், 1986-இல் முடிவுற்ற பெரும் பழுதுபார்ப்பின்போது, சிலையின் உள்ளே தகடுகளைத் தாங்கிய இரும்புப் பட்டைகள் துருவேறி வீங்கியிருந்தன. அவற்றைக் களைந்து துருவேறா எஃகுப் பட்டைகளைப் பொருத்தினர். ஒரே சிலையில் வெளிக்களிம்பு காக்கப்பட்டது, உட்துரு அகற்றப்பட்டது.

டிராக்டரோ இரும்பு. இரும்பின் துரு செம்பின் களிம்பைப்போல் கவசமாவதில்லை. அது தான் தின்ற இரும்பைவிட இரு மடங்கிற்கும் மேலான இடத்தைப் பிடித்து, உப்பி, செதிலாக உதிர்ந்து, அடியிலுள்ள புது இரும்பைக் காற்றுக்கும் ஈரத்திற்கும் காட்டிக்கொடுக்கும். எனவே பழைய மெருகைக் காப்பது என்றால் துருவை வளர்ப்பது என்று பொருளன்று. மங்கிய வர்ணம் மெருகு. உயிருள்ள துரு நோய்.

வர்ணமும் ஒரு சாட்சி

ஜான் டீர் டிராக்டர் என்றால் பச்சை நிறம் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் 1969 முதல் 1971 வரை அந்நிறுவனம் வெள்ளை உடலும், சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் ஆகிய நான்கில் ஒரு நிறத்து முன்மூடியும் இருக்கையும் கொண்ட தோட்டத்து டிராக்டர்களை விற்றது. இதனை அறியாத ஒருவர், 'யாரோ ஆசைக்குப் பூசிய நிறம்' என்று எண்ணி, நீலத்தைச் சுரண்டிப் பச்சையைப் பூசினால் என்னவாகும்? தவற்றைத் திருத்தியதாக அவர் மகிழ்வார். அரிய சான்று ஒன்று உப்புத்தாளின் தூளாய்ப் பறந்திருக்கும். வரிசை எண் தகட்டின்மீது வர்ணம் தெளிப்பதும், பழைய ஸ்டிக்கரைப் படமெடுக்காமல் உரிப்பதும் இத்தகையனவே.

குழந்தைகள் இருக்கும் இல்லத்தில்

இவ்வழக்கில் அழகைவிடப் பெரியதொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. அக்கால இயந்திர வர்ணங்களில், குறிப்பாக மஞ்சளிலும் ஆரஞ்சிலும், ஈயச் சேர்மங்கள் பெரிதும் பயன்பட்டன. அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் நச்சுத்தூள் கொட்டகையெங்கும் படியும். தந்தையின் உடையில் ஒட்டி வீட்டிற்குள்ளும் வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும்; இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவே இல்லை. ஆகவே நனைத்தே தேய்த்தல், தூளைத் தடுக்கும் முகக்கவசம், தனியே துவைக்கும் உடை, பிள்ளைகளை அண்டவிடாமை ஆகியன கட்டாயம். கடினமாக்கி கலந்து தெளிக்கும் இக்கால வர்ணங்கள் சிலவற்றில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. அதனைச் சாதாரணத் துணிக்கவசம் தடுக்காது.

மெருகைக் காப்பவர்க்கும் எச்சரிக்கை உண்டு. மங்கிய வர்ணத்தின்மேல் ஆளிவிதை எண்ணெய் பூசுவது பலர் வழக்கம். அதில் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். துணியைத் திறந்த வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துதல் வேண்டும்.

செய்யத்தக்கது எது?

முதலில் எதையும் தேய்க்காமல், நாற்புறமும் படமெடுத்து, எண்களையும் எழுத்துகளையும் குறித்துக்கொள்க. பின்பு மென்சோப்பு நீரால் கழுவுக. அறுபது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு நீங்கியபின், இல்லை என்று நினைத்த வர்ணம் இருக்கக் காண்பது உண்டு. வெயிலில் நெடுநாள் நின்ற எனாமல் வர்ணம் சுண்ணப்பொடிபோல் கையில் ஒட்டும். மேற்படலம் சிதைந்ததே அதற்குக் காரணம். மென்மையான மெருகுப்பசையால் அப்படலத்தை எடுத்துவிட்டால், இளஞ்சிவப்பாய் வெளுத்த வீல் ஹார்ஸ் மீண்டும் சிவக்கும். அதன்மேல் மெழுகு இட்டால் ஈரம் புகாது. துருவேறிய சிறு பாகங்களைச் சலவைச் சோடா நீரில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கலாம். அப்போது ஹைட்ரஜன் வாயு எழும் ஆதலால் காற்றோட்டமான இடமும், தீ இல்லாமையும் வேண்டும்.

இத்தனைக்கும் பின் முடிவு செய்க. வர்ணம் பெரும்பகுதி எஞ்சியிருந்தால் காப்பதே முறை. இரும்பு அரிக்கப்பட்டு ஓட்டை விழுந்திருந்தால், அல்லது முன்னரே யாரோ பொருந்தா வர்ணம் பூசியிருந்தால், புதுப்பிப்பதில் இழுக்கில்லை. பிரேக், எரிபொருள் குழாய், மின்கம்பி ஆகியவற்றில் மட்டும் பழைமைக்கு இடமே இல்லை. அவை புதியனவாகவே இருத்தல் வேண்டும்.

உடன்பிறந்தாருள் ஒருவர் 'அப்பா விட்டுச்சென்றபடியே இருக்கட்டும்' என்றும், மற்றவர் 'அப்பாவின் பெயர் சொல்லப் பளபளக்கட்டும்' என்றும் வாதிடுவது உண்டு. இருவர் நெஞ்சிலும் இருப்பது ஒரே அன்புதான். அவர்களுக்குச் சொல்லத்தக்கது ஒன்று: இன்று பூசாத வர்ணத்தை நாளை பூசலாம், இன்று சுரண்டியதை என்றும் மீட்க இயலாது. ஐயம் உள்ளவரை பொறுத்திருப்பவர், இரு வழிகளையும் தம் பிள்ளைகளுக்குத் திறந்தே வைக்கிறார்.