சாயங்காலத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை: அருவங்காட்டிலிருந்து சில குறிப்புகள்

அக்கா பையன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, சனிக்கிழமை சாயங்காலம் வெலிங்டன் பக்கம் ஒரு கிளப்புல ரிசப்ஷன். என்கிட்ட நல்லதா ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் இருக்கு, அதுவும் ஆபீஸ் சட்டை. அதை வெச்சு சமாளிச்சுடலாமா? அப்பா வேற வேட்டிதான் கட்டுவேன்னு நிக்கிறாரு. உள்ள விடுவாங்களா?"

ரெண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி கிடைத்தால் அதன் அடி வரைக்கும் தோண்டாமல் தூக்கம் வராது. தோண்டியதில் எங்க ஊர் ஃபேக்டரி வரைக்கும் வந்துவிட்டது. அதனால் இந்தப் பதிவு.

முதலில், சாயங்கால உடுப்புக்கு ஏன் வெள்ளைச் சட்டை? அழகு என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சலவைச் செலவு. நிலக்கரிப் புகை நிறைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஒருவர் ராத்திரி விருந்துக்குப் பளிச்சென்று வெள்ளையில் வந்தால், அவர் கையழுக்கு வேலை செய்வதில்லை என்று அர்த்தம். அவர் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுக்க வேறு யாரோ இருக்கிறார்கள் என்றும் அர்த்தம். மேலே கறுப்புக் கோட்டு. உள்ளே சட்டையின் மார்புப் பகுதி மட்டும் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பில் சாதாரண பட்டன் சரிப்படாது என்பதால், கழற்றி மாட்டும் குமிழ்களைப் போட்டார்கள். இன்றைக்கும் 'டக்ஸிடோ' சட்டையில் பார்க்கும் கறுப்புக் குமிழ்கள் அதன் மிச்சம்தான்.

சட்டையில் சீக்கிரம் அழுக்காவது காலரும் கை நுனியும். மீதி கோட்டுக்குள் ஒளிந்திருக்கும். இதைக் கவனித்து 1827-ல் அமெரிக்காவின் ட்ராய் நகரத்தில் ஹன்னா மாண்டேக் என்ற பெண்மணி கணவரின் சட்டையிலிருந்து காலரை வெட்டி எடுத்து, அதை மட்டும் தனியாகத் துவைத்து மறுபடி மாட்டினார் என்பார்கள். கழற்றி மாட்டும் காலர் அங்கே பெரிய தொழிலாகி, அந்த ஊருக்கே 'காலர் சிட்டி' என்று பெயர் வந்தது. எங்க தொழிலில் இதை 'மாடுலர் டிசைன்' என்போம். எந்தப் பாகம் அடிக்கடி கெடுமோ அதைத் தனியே கழற்றும்படி வை, அவ்வளவுதான்.

அடுத்து வந்ததுதான் எனக்கு சுவாரசியம். ஏழைக் குமாஸ்தாவுக்குத் தினமும் காலர் துவைக்கக் காசு இல்லை. ஆனால் வெள்ளைக் காலர் இல்லாமல் ஆபீசுக்குள் நுழைய முடியாது. அவருக்காக வந்தது செல்லுலாய்டு காலர். துணி மாதிரியே தெரியும். ராத்திரி ஈரத் துணியால் துடைத்தால் காலையில் புதுசு. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்தது. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்துக்குப் பதிலாக ஒரு பொருள் தேடியபோது ஜான் வெஸ்லி ஹயாட் உருவாக்கியது.

நைட்ரோசெல்லுலோஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அருவங்காட்டுக்காரன் நிமிர்ந்து உட்காருவான். பருத்தியை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் முக்கினால் வருவது அது. 1846-ல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் இதை அறிவித்தார். சமையலறையில் சிந்திய அமிலத்தை மனைவியின் பருத்தி ஏப்ரனால் துடைத்து அடுப்பருகே காயவைக்க, அது குபீரென்று எரிந்து மறைந்தது என்று ஒரு கதை உண்டு (கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்). நைட்ரஜன் அளவு 11 சதவீதம் வாக்கில் இருந்தால் செல்லுலாய்டு செய்யலாம். 13 சதவீதத்தைத் தொட்டால் அது வெடிபஞ்சு. 1889-ல் ஏபலும் டீவாரும் சேர்ந்து உருவாக்கிய முதல் கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் வெடிபஞ்சு, 5 சதவீதம் வாசலின். அந்தக் கார்டைட்டுக்காக 1903-ல் தொடங்கியதுதான் எங்க ஊர் ஃபேக்டரி.

ஆக விருந்துக்குப் போனவரின் சட்டை பருத்தி. குமாஸ்தாவின் காலரும் துப்பாக்கி மருந்தும் அதே பருத்தியின் வேறு அவதாரங்கள். செல்லுலாய்டு காலர் சுலபமாகத் தீப்பிடிக்கும் என்ற கெட்ட பெயரும் அதனால்தான் வந்தது. சுருட்டுப் பிடிக்கிறவர் பக்கத்தில் உட்கார யோசித்திருப்பார்கள்.

சரி, இதனால் பையனுக்கு என்ன பிரயோஜனம்? இருக்கு. எங்க ஊரில் டிசம்பர், ஜனவரி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சட்டையோடு மட்டும் யாரும் நிற்க முடியாது. கோட்டோ ஸ்வெட்டரோ வந்தே தீரும். அப்போது சட்டையில் வெளியே தெரிவது மூணே இடம்: காலர், மார்பில் ஒரு முக்கோணம், கையில் அரை அங்குலம். ட்ராய் நகரத்து அம்மாவின் கணக்கு அப்படியே பொருந்துகிறது. நேரமும் கஞ்சியும் இஸ்திரியும் அந்த மூணு இடத்துக்குப் போகட்டும். முதுகில் ஒரு மடிப்பு இருந்தால் யாருக்கும் தெரியாது.

ஆபீஸ் சட்டைக்கும் சாயங்காலச் சட்டைக்கும் வித்தியாசம் சின்னச் சின்ன விஷயங்களில்தான். காலர் நுனியில் பட்டன் இருந்தால் அது பகல் சட்டை. ராத்திரிக்கு நுனி விரிந்து நிற்கும் சாதா காலர் நல்லது. பருமனான ஆக்ஸ்ஃபோர்டு நெசவை விட மெல்லிசான பாப்ளின் வெளிச்சத்தில் வழுவழுப்பாகத் தெரியும். பாக்கெட் இல்லாவிட்டால் உத்தமம். இருக்கிறதென்றால் அதில் போன், பேனா, பஸ் டிக்கெட் எதுவும் வேண்டாம். உள்ளே வெள்ளைப் பனியன் போடாதீர்கள்: மெல்லிய வெள்ளைத் துணிக்குள் பனியனின் விளிம்பு கோடாகத் தெரிவது நம் தோல் நிறத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தால்தான். சாம்பல் நிறமோ பழுப்போ போட்டால் கோடு மறைந்துவிடும். தெர்மல் போடுவதாக இருந்தால் 'வி' கழுத்து. மேலே கருநீல கோட்டு அல்லது அடர் நிற ஸ்வெட்டர், கீழே அடர் சாம்பல் பேன்ட், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. டை கேட்கிற இடமா என்று மட்டும் முன்கூட்டியே போன் போட்டு விசாரித்துவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லணும். கடையில் பளீரென்று இருந்த சட்டை ராத்திரி மண்டபத்தில் மங்கலாகத் தெரியுதே, ஏன்? சோப்புத்தூளிலும் துணியிலும் வெண்மையூட்டும் ரசாயனம் ஒன்று இருக்கும். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். மலையில் பகல் வெயிலில் புற ஊதா அதிகம், அதனால் சட்டை கண்ணைக் கூசும். சாதாரண எல்.ஈ.டி. விளக்கில் புற ஊதா அனேகமாக இல்லை. வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் அந்த ரசாயனம் சும்மா இருக்கும். நம் பாட்டிமார் போட்ட நீலம் வேறு வழியில் வேலை செய்கிறது. அது ஒரு நிறம்; துணியின் மஞ்சளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஈடுகட்டுகிறது. எந்த விளக்கிலும் வேலை செய்யும். ராத்திரி விசேஷத்துக்குப் போகும் சட்டைக்கு அரை வாளித் தண்ணீரில் ரெண்டு சொட்டு நீலம் விடுவது பழைய பழக்கம் மட்டுமில்லை, இயற்பியலும் அதன் பக்கம்தான்.

போட்டோவில் இன்னொரு சிக்கல். போன் கேமரா பெரிய வெள்ளைப் பரப்பைப் பார்த்ததும் "ரொம்ப வெளிச்சம்" என்று முடிவு செய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். சட்டை அழகாக வரும், நம்ம மாதிரி கறுத்த முகம் காணாமல் போகும். கல்யாண ஆல்பங்களில் சித்தப்பாக்கள் பல்லும் சட்டையுமாக மட்டும் தெரிவது இதனால்தான். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தட்டினால் போதும். கோட்டின் பட்டனைப் போட்டால் வெள்ளையின் பரப்பும் குறையும்.

இனி பையனின் அப்பா விஷயம். அதுதான் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

இந்த மலையில் சாயங்கால உடுப்பு என்ற யோசனையே கிளப்புகளோடு வந்தது. ஊட்டி கிளப் 1841, வெலிங்டன் ஜிம்கானா 1873. கோட்டும் டையும் அங்கே வாசல் சாவி மாதிரி. சமவெளியிலும் அதே கதைதான். 2014 ஜூலை 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி சட்டையில் வந்தார். வேட்டிக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவரோடு வேட்டியில் வந்த மூத்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதி. சட்டசபை வரைக்கும் போனது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பொது இடத்தில் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ நாகரிகமாக அணிந்து வருகிறவரை, அந்த உடையை மட்டும் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது. பொழுதுபோக்கு கிளப்புகளும் அதில் அடக்கம். மீறினால் கிளப்பின் உரிமம் ரத்தாகலாம், ஓர் ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சட்டம் பேன்டுக்குப் பொருந்தாது. அதனால் பையன் வெள்ளைச் சட்டையை பேன்டுக்குள் விட்டு, டை இல்லாமல் போனால் வாசலில் நிறுத்த கிளப்புக்கு இன்னும் வழி இருக்கிறது. அதே சட்டையை வேட்டிக்கு மேலே விட்டு வரும் அவன் அப்பாவை நிறுத்த முடியாது. சட்டம் பெரியவர் பக்கம்.

ஆனால் சட்டம் உள்ளே விடும். தோற்றத்துக்கு அது பொறுப்பில்லை. வேட்டிக்கு வெள்ளைச் சட்டை போடும்போது நிறைய பேர் கோட்டை விடுவது வெள்ளைக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தில். சட்டை நீலம் போட்ட வெள்ளை, வேட்டி பட்டு என்றால் வேட்டி அழுக்கு மாதிரித் தெரியும். பட்டு வேட்டிக்குச் சந்தன வெள்ளைச் சட்டை, பருத்தி வேட்டிக்கு பளீர் வெள்ளை. ரெண்டையும் ராத்திரி ட்யூப்லைட் அடியில் ஒண்ணாப் பிடித்துப் பார்த்துவிடுங்கள், வெயிலில் பார்த்து ஏமாற வேண்டாம். முழுக்கை நல்லது, முழங்கைக்குக் கீழே ரெண்டு மடிப்பு மடித்தாலும் சரி. ஜரிகைக் கரை இருந்தால் அதுதான் அன்றைக்கு நகை, வேறு எதுவும் வேண்டாம். குளிருக்கு வேட்டிக்குள்ளே முழுக்கால் தெர்மல் போட்டால் கணுக்காலில் எட்டிப் பார்க்காத மாதிரி ஒரு மடிப்பு மேலே ஏற்றிக்கொள்ளணும். மேலே ஸ்வெட்டரை விட, தோளில் ஒரு நல்ல கம்பளிச் சால்வை வேட்டியோடு ஒத்துப்போகும். வெல்க்ரோ வைத்த வேட்டி பற்றி ஊரில் கேலி பேசுவார்கள். மூணு மணி நேரம் பஃபே வரிசையில் தட்டோடு நிற்கப்போகிறவர் கேலியைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கஞ்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இது மலைக்காரர்களுக்கு மட்டும். ஸ்டார்ச் இழைகளைச் சுற்றி ஒரு படலமாக ஒட்டி, லேசான ஈரத்தோடு தேய்க்கும்போது இறுகும். விறைப்பு அதனால் வருவது. ஆனால் ஸ்டார்ச் பூஞ்சைக்குச் சாப்பாடு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை எங்க வீட்டு பீரோவே ஈரமாக இருக்கும். கஞ்சி போட்ட சட்டையை உள்ளே வைத்தால் மூணே வாரத்தில் காலரில் கறுப்புப் புள்ளி. அதனால் விசேஷத்துக்கு முந்தின நாள் கஞ்சி போடுங்கள், முடிந்த மறுநாளே அலசி எடுத்துவிடுங்கள். அக்குளில் மஞ்சள் படிந்திருந்தால் குளோரின் ப்ளீச் பக்கமே போகாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து மஞ்சளை இன்னும் அதிகமாக்கும். ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்பதை வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போகும். வெயில் வரும் நாளாகப் பார்த்துத் துவைப்பதுதான் இங்கே கஷ்டம்.