எஸ்டேட் என்றால் தோட்டம் மட்டும்தானா?

'தி ஓல்ட் மேன் லெஃப்ட் ஹிஸ் எஸ்டேட் டு ஹிஸ் சில்ட்ரன்.'

ஐந்தாம் படிவ ஆங்கில வகுப்பில் இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "பெரியவரு பிள்ளைங்களுக்காகத் தோட்டத்த விட்டுப் போயிட்டாரு சார்" என்றார்.

'முதியவர் தம் சொத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்' என்பதே சரியான விடை. வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகாவ் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தா செய்ததும் அதைத்தான். வேலை ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்தைவிட்டு வெளியேறினார். வாழ்நாளெல்லாம் எஸ்டேட்டில் இருந்தவருக்கு, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல எஸ்டேட் எதுவும் இல்லை.

ஒரே சொல்லுக்குள் இப்படி ஒரு முரண் எப்படி வந்தது?

சொல் பிறந்த கதை

இலத்தீன் மொழியில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து 'ஸ்டாடுஸ்' பிறந்தது. அதன் பொருள் நிலை. இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் 'எஸ்டாட்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து 'எஸ்டேட்' ஆனது.

முன்னால் அந்த 'எ' எப்படி ஒட்டியது? நம் பாட்டிமார் ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். தமிழில் மெய்யெழுத்தைக் கொண்டு சொல் தொடங்குவதில்லை. ஆகவே நாக்கு ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அழைக்கிறது. அன்றைய பிரெஞ்சுக்காரர்களும் அதையே செய்தார்கள். பாட்டியின் உச்சரிப்பைக் கேலி செய்யும் முன் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த 'எ' உதிர்ந்த வடிவம்தான் 'ஸ்டேட்'. பின்னர் இலத்தீனிலிருந்து நேராக வந்தது 'ஸ்டேட்டஸ்'. ஆக எஸ்டேட், ஸ்டேட், ஸ்டேட்டஸ் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஸ்தானம், ஸ்தாபனம் என்ற வடசொற்களும் இவற்றுக்குத் தூரத்து உறவு.

பொருள் விரிந்த கதை

முதலில் எஸ்டேட் என்பது ஒருவருடைய நிலையைக் குறித்தது. பழைய ஐரோப்பாவில் சமயத் தலைவர்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று எஸ்டேட்டுகள் இருந்தன. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது கிளர்ந்து எழுந்தது இந்த மூன்றாம் எஸ்டேட்தான். பத்திரிகைகளை 'நான்காவது எஸ்டேட்' என்று அழைப்பதும் இந்த வரிசையை வைத்துத்தான்.

ஒருவரின் நிலையை அவருடைய சொத்து தீர்மானித்ததால், சொல் சொத்துக்குத் தாவியது. சட்டம் படிக்கப்போகும் மாணவர்கள் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து என்ற பொருளில் இதை அடிக்கடி சந்திப்பார்கள். நம் நாட்டில் 1991இல் நீக்கப்பட்ட 'எஸ்டேட் டியூட்டி' அந்தச் சொத்தின் மீதான வரிதான். பெரிய நிலவுடைமைக்கும் இதுவே பெயரானது. ரப்பர் பயிரிட்ட ஆங்கிலேயத் துரைமார் அந்தப் பெயரையே இங்கும் வைத்தார்கள். மலாய்மொழி அதை 'எஸ்தேட்' என்று எடுத்துக்கொண்டது. நாம் 'தோட்டம்' என்றோம்.

துரைக்கு அது சொத்து. என் தாத்தாவுக்கு அது வேலை செய்யும் இடம், வேலை இருக்கும்வரை வீடு. அவ்வளவுதான்.

உடன்பிறந்த சொற்களும் அப்படித்தான். 'ஸ்டேட்' என்றால் நாடு. சுதந்திரத்திற்குப் பிறகும் குடியுரிமை இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த தோட்ட மக்கள் பலர். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எஸ்டேட்டும் இல்லை, ஸ்டேட்டும் இல்லை. பிறகு ஸ்டேட்டஸ் எங்கிருந்து வரும்?

இத்தனைக்கும் நாம் வாழும் மாநிலத்தின் பெயரே 'ஒன்பது நாடுகள்'. அதிலுள்ள 'நெகிரி' நம் 'நகரம்' என்ற சொல்லுக்கு உறவு. இரண்டுக்கும் மூலம் சமஸ்கிருதம்.

பொருளை மாற்றியவர்கள்

1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. அப்போது துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அது வாங்கிய முதல் தோட்டம். பால் வெட்டிய கைகளுக்கே அந்த மண்ணில் பங்கு கிடைத்தது. தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் எஸ்டேட் என்ற சொல் அதன் அகராதிப் பொருளைத் தொட்டது அன்றுதான்.

இன்று சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் பழைய தோட்டங்கள் பல 'ஹவுசிங் எஸ்டேட்' ஆகிவிட்டன. தோட்டம் போனாலும் சொல் போகவில்லை. லாடாங் லாபு, லாடாங் கெடஸ், லாடாங் பத்தாங் பெனார் என்று நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் தோட்டம் இன்னும் இருக்கிறது.

அந்த மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, 'லெஃப்ட்' என்ற வினைக்குப் பின்னால் 'டு' வந்தால் சொத்தைக் கொடுத்துச் செல்வது. பிள்ளைகளுக்காக என்றால் 'ஃபார்' வர வேண்டும். தேர்வில் இதை மறந்துவிடாதே. ஆனால் நீ சொன்ன கதையும் பொய் இல்லை."

மாணவர்களே, தெரிந்த சொல்தானே என்று அகராதியைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசிப் பொருள்வரை படியுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் அவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், எப்போது, ஏன் வெளியேறினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் உங்களுக்கு விட்டுச்செல்லும் எஸ்டேட் அதுவாகவும் இருக்கலாம்.